ஸ்டெல்லா சாப்பிட்டாளா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று முழுக்க ஒரு நாயின் மூக்கை நம்பிப் படகு ஓடியது. நான் மின்னணுவியல் படித்தவன். இதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் தலை வெடித்துவிடும். படகின் பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை ஹெல்கா வரி விடாமல் படிப்பார். அதில் யாரையும் திட்ட முடியாது. ஆகவே இது, தமிழில்.

இடம்: வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறை. கோவில்பட்டிக்காரன் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வேலை: ஓர்காத் திமிங்கிலக் குடும்பம் ஒன்றைப் பின்தொடர்வது. அவை தின்னும் சால்மன் மீன் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று என் கருவியால் படம் போடுவது. சால்மன் என்றால் எல்லா சால்மனும் இல்லை. சினூக் என்று ஒரு பெரிய வகை, கொழுப்பு நிறைந்தது. இந்தக் குடும்பத்துக்கு அதுதான் வேண்டும். பக்கத்திலேயே சீல் நீந்திப் போகும், திரும்பிக்கூடப் பார்க்காது. ஆற்றில் அணை, கடலில் வலை, சினூக் வருடத்துக்கு வருடம் குறைகிறது. இவை மட்டும் மாற மாட்டேன் என்கின்றன.

படகில் மூன்று பேர். ஹெல்கா, ஆய்வின் தலைவர், நார்வேக்காரர், இருபது வருடமாக இந்த ஒரு குடும்பத்தையே பார்க்கிறார். யூஜினி அக்கா, படகோட்டி, யாழ்ப்பாணம் குருநகர். நான். இவர்களோடு அந்த நாய், ரோல்ஸ். குருநகர்ப் பேக்கரி ரோல்ஸ் மாதிரி உருண்டு கிடந்தது என்று அக்கா வைத்த பெயர். படகின் முனையில் நின்று ஓர்காவின் சாணத்தை மோந்து பிடிப்பது ரோல்ஸின் உத்தியோகம். மூக்கு திரும்பும் பக்கம் அக்கா சுக்கானைத் திருப்புவார். தண்ணீரில் மிதக்கும் பச்சைக் கோழையை நான் அரிகரண்டியால் அள்ள வேண்டும். மூழ்குவதற்குள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பார்த்துவிட்டார்.

"தம்பி, உந்தப் பல்லை மூடும். உம்மடை பெட்டி மீன் கிடக்கோ எண்டுதான் காட்டும். திண்டதோ இல்லையோ எண்டு இவர்தான் சொல்லுவார்."

நாய்க்கு 'இவர்'. எனக்கு 'நீர்'.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பார்த்தேன்.

ஒன்றும் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன். மூச்சு விடும் சத்தம் முதலில் வந்தது, லாரி டயரில் காற்று இறக்கியது போல. பிறகு துடுப்பு. ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு என்னைவிட உயரம். அவ்வளவு பெரிய உடம்பு தண்ணீரைக் கிழிக்காமல் வெளியே வந்து, கிழிக்காமல் உள்ளே போனது. கப்பல் வடிவமைப்பவர்கள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வேலையை விட வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கு முக்கியமானவள் எஸ்-7. யூஜினி அக்கா தம் தெருவில் இருந்தவர்களின் பெயரையே எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார். இவள் ஸ்டெல்லா. "எங்கட ஒழுங்கையிலை ஸ்டெல்லா எண்டு ஒரு மனிசி இருந்தவ. என்ன கறி வைச்சாலும் அரைச் சட்டி அடுத்த வீட்டுக்குப் போயிடும்."

ட்ரோனை மேலே ஏற்றிப் படம் எடுத்தேன். விலா எலும்புக்குப் பின்னால் இரு பக்கமும் புடைத்திருக்கிறது. சினை. அக்டோபரில் ஈனலாம் என்றார் ஹெல்கா. இதற்கு முன் இரண்டு முறை ஸ்டெல்லாவுக்குக் கலைந்திருக்கிறது. போதிய மீன் கிடைக்காத கோடைகளில் தாயின் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும், பிறகு கருவைக் கைவிடும். இந்த முறையும் போனால் ஸ்டெல்லாவின் வயதுக்கு இனி வாய்ப்பு குறைவு. இந்தக் குடும்பத்தில் ஈனக்கூடிய பெண்ணும் வேறு இல்லை.

"ஆக, இந்தக் கோடையில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றார் ஹெல்கா. "தினமும் மாலையில் அதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா சாப்பிட்டாளா?"

ஆகஸ்ட் 6, புதன்

சாப்பிட்டாள். ஒரு மீன்.

ஆகஸ்ட் 9, சனி

என் கருவி படகில் ஏறியது. அடிப்பலகையில் துளை போட யூஜினி அக்கா விடவே மாட்டேன் என்றார். "என்ரை வள்ளத்திலை ஓட்டை போடப் போறீரோ?" பக்கவாட்டில் குழாய் அடித்து மாட்டினேன்.

வேலை செய்யும் விதம் எளிது. தண்ணீருக்குள் ஒலித்துடிப்பு போகும், மீனில் பட்டுத் திரும்பும், படம் வரும். ஓர்காவும் இதையேதான் செய்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு. என் கருவியின் ஒலி அவற்றின் காதுக்கு எட்டாத அளவு கீச்சு. தயாரிப்பாளரின் விவரத்தாளில் அப்படிப் போட்டிருக்கிறது, அதை வைத்துத்தான் அனுமதியே கிடைத்தது. இந்தப் பருவம் முழுக்கக் கருவி ஓடி நல்ல படம் கொடுத்தால் அந்தக் கம்பெனியிலேயே எனக்கு வேலை. இங்கேயே இருக்கலாம்.

சின்னத் தொந்தரவு. ஓர்காக்களைக் கேட்க நீரடி மைக் ஒன்றைத் தொங்கவிடுகிறோம். கருவி ஓடும்போது அந்த ஹெட்போனில் 'டிக், டிக், டிக்'. ஹெல்காவுக்குத் தலைவலி வந்துவிட்டது. படகின் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கின்றன, மின் இரைச்சல் கலக்கிறது. மறு ஒயரிங் செய்ய யாருக்குப் பொறுமை? அந்த டிக்கை மட்டும் நீக்கும் வடிகட்டி நிரல் ஒன்று எழுதிப் போட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

ஹெல்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இருபது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக நான் கேட்டதே இல்லை."

நான் தோளைக் குலுக்கினேன். உள்ளுக்குள் குலுக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

படம் அபாரம். தெற்கு முனைப் பாறைக்கு வெளியே மீன் கூட்டம் தடித்த கோடாகத் தெரிகிறது. ஓர்காக்கள் வந்தன. அந்தக் கோட்டின் மேலேயே போயின. ஒரு முங்கு கூட இல்லை. அப்படியே மேற்கே போய்விட்டன.

பந்தி விரித்து வைத்திருக்கிறது, எழுந்து போகிறார்கள். எங்கே மீன் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது, அவற்றுக்குத் தெரியவில்லை. இவ்வளவு புகழ் எதற்கோ.

ஸ்டெல்லா: இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடல் கொந்தளிப்பு. போகவில்லை. ஜீன்ஸ் துவைத்தேன், காயவில்லை. அரிகரண்டிகளை பிளீச்சில் ஊறப் போட்டேன். யூஜினி அக்கா சொதியும் இடியப்பமும் செய்தார். புளி கரைத்து ஒரு வத்தக்குழம்பு வைக்கவா என்றேன்.

"வேண்டாம் தம்பி. உங்கட ஆக்கள் எல்லாத்தையும் புளியிலை தாட்டுப்போட்டு என்ன கறி எண்டு பேந்து தேடுவியள்."

"நீங்க தேங்காப்பால்ல முக்கிட்டுத் தேடுவீங்க."

"ஓம். ஆனா நாங்கள் கண்டுபிடிச்சிடுவம்."

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையிலேயே எரிச்சல். கருவியின் இணைப்பில் உப்புத் தண்ணீர் புகுந்து பச்சை பூத்துவிட்டது. உதிரி வர இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் படம் போச்சு. வேலை இல்லாமல் படகில் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை முழுசாகக் கேட்க முடிந்தது.

தண்ணீர் ஈயத்தகடு போலக் கிடந்தது. ஸ்டெல்லா முதுகை வளைத்து உள்ளே போனாள். ஹெட்போனில் அவளுடைய கிளிக் சத்தம். முதலில் விட்டு விட்டு, சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டு விழுவது போல. பிறகு நெருக்கமாக. பிறகு தனித்தனியாகப் பிரிக்க முடியாமல், தையல் மெஷின் வேகம் பிடிப்பது போல ஒரே ரீங்காரம். நின்றது.

நறுக்.

எலும்பு உடைந்த சத்தம். அவ்வளவு ஆழத்தில் வெளிச்சமே கிடையாது. எத்தனையோ மீன்களுக்கு நடுவே சினூக்கை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறாள், எதிரொலியை மட்டும் வைத்து. மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒவ்வொரு வகைக்கும் வேறு அளவு, வேறு சாய்வு. அந்த வித்தியாசம் எதிரொலியில் இருக்கும். எனக்கு அது பாடப்புத்தகத்தில் தெரியும். என் கருவிக்கு மீன் என்றால் மீன். என்ன வகை என்று சொல்ல எனக்கு ஒரு வலையும் இரண்டு ஆளும் வேண்டும். இவளோ நீந்திக்கொண்டே, திரும்பிக்கொண்டே, மீன் தப்பி ஓடும்போதே சொல்லிவிடுகிறாள்.

மேலே வந்தாள். வாயில் குறுக்கே மீன். வந்தவள் தின்னவில்லை. மகன் எஸ்-15 பக்கத்தில் வந்தான், அக்கா வைத்த பெயர் ரூபன். மீனைப் பாதியாகக் கிழித்து ஒரு பாதியை அவனுக்கு விட்டாள். செதில்கள் தண்ணீரில் ஜரிகை மாதிரி மிதந்தன.

"அக்கா, இவனுக்கு எத்தனை வயசு?"

"இருவதுக்கு மேலை."

"இருபது வயசுத் தடிமாடு! வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு இவனுக்கு ஊட்டுறா. ஓங்கி ஒரு அறை விட வேண்டாமா?"

"நீர் ஒரு பொம்பிளையைக் கட்டிக்கொண்டு வீட்டை போம், உம்மடை அம்மா ஆருக்கு முதல் சோறு போடுறா எண்டு பாப்பம்."

ஹெல்கா சிரிக்கவில்லை. இந்த ஆண்கள் சாகும்வரை தாயை விட்டுப் போவதில்லை, தாய் செத்தால் சீக்கிரமே இவர்களும் செத்துவிடுகிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு மீன். ரோல்ஸ் வாலை விறைத்துக் கொண்டு மூன்று இடம் காட்டியது. மூன்றிலும் அள்ளினேன். என் கை இன்னும் நாறுகிறது.

நல்ல நாள். தற்செயல்.

ஆகஸ்ட் 23, சனி

உதிரி வந்தது. கருவி ஓடுகிறது. படம் கூர்மை. ஸ்டெல்லா: இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ட்ரோன் படத்தில் ஸ்டெல்லாவின் தலைக்குப் பின்னால் ஒரு பள்ளம் தெரிகிறது. கழுத்துக் கொழுப்பு கரைகிறது. ஹெல்கா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பெரிதாக்கி, சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின முறை கலைவதற்கு முன்பும் இதே பள்ளம்தான் என்றார். அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் விறகு பிளந்தார். நேற்றே பிளந்து அடுக்கியிருந்த விறகு.

மீன் இருக்கிறது. படம் சொல்கிறது. போன வருடத்தைவிடக் குறைவுதான், ஆனால் இருக்கிறது. பிறகு ஏன் தின்னவில்லை? தின்கிறாளா, நமக்குத்தான் தெரியவில்லையா? ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் பத்து நாளாகச் சாணமும் கிடைக்கவில்லை. நாய்க்கு வயதாகிவிட்டது. நான் யோசித்ததை அப்படியே அறிக்கையாக எழுதி ஹெல்காவிடம் கொடுத்தேன்: நாயின் மோப்பத் திறன் நம்பத்தகுந்ததாக இல்லை, அடுத்த பருவத்துக்கு மாற்று ஏற்பாடு தேவை.

சாயங்காலம் யூஜினி அக்கா சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ரை நாயை வேலையாலை நிப்பாட்டச் சொல்லி எழுதினனீரோ?"

"அக்கா, கோபப்படாதீங்க, அது டேட்டா..."

"டேட்டா. சரி. நாளைக்கு முனையிலை நீர் நில்லும். டேட்டாவை நீரே மோந்து பிடியும்."

செப்டம்பர் 4, வியாழன்

அக்கா பேசவில்லை. தேநீர் மட்டும் வந்தது. சீனி இல்லாமல்.

செப்டம்பர் 6, சனி

விஷயம் விளங்கிவிட்டது. சுற்றுலாப் படகுகள். ஒவ்வொன்றும் பெரிய இஞ்சின், வாரக் கடைசியில் ஏழெட்டு ஒன்றாக வந்து நிற்கின்றன. அந்த இரைச்சலில் ஸ்டெல்லாவால் தன் எதிரொலியைக் கேட்க முடியாது. கேட்க முடியாவிட்டால் மீன் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். ஆதாரத்தோடு அதிகாரிகளிடம் போனால் அந்தப் பகுதியை மூடச் சொல்லலாம்.

தெற்கு முனையில் ஒரு மிதவையைக் கட்டி, அதற்கடியில் ஒலிப்பதிவுக் குப்பி ஒன்றை இறக்கிவிட்டேன். உள்ளேயே பேட்டரி, உள்ளேயே நினைவகம். ஒயர் கிடையாது. அதுபாட்டுக்குப் பதியும். அவர்களை மாட்டிவிடுகிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

குப்பியை எடுத்தோம். மதியம் கரையில் உட்கார்ந்து கேட்டேன்.

சுற்றுலாப் படகுகள் இருந்தன. தொலைவில், குறைந்த சத்தம். நினைத்ததைவிடச் சாது.

பிறகு 'டிக், டிக், டிக்'.

குப்பி பழுது என்று நினைத்து அடுத்த பதிவைத் திறந்தேன். அதிலும். அதற்கு அடுத்ததிலும். எல்லாப் பதிவிலும் டிக் மெல்ல எழுகிறது, பெரிதாகிறது, தேய்கிறது. பழுதென்றால் ஒரே அளவில் கேட்க வேண்டும். எங்கள் படகு போன தடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நாங்கள் மிதவையை நெருங்கும்போது எழுகிறது. விலகும்போது தேய்கிறது.

ஒயரே இல்லாத இடத்தில் ஒயர் இரைச்சல் எப்படி வரும்?

எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்து மறுபடி கேட்டேன். அது மின் இரைச்சலே இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் சத்தம். என் கருவி விவரத்தாளில் சொன்ன கீச்சொலியோடு நிற்கவில்லை. அதற்குக் கீழேயும் கசிகிறது, ஓர்காவின் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில். திங்கட்கிழமைப் பதிவில் ஸ்டெல்லாவின் கிளிக் கேட்கிறது. அழகாக நெருங்கிக்கொண்டு வருகிறது. எங்கள் படகு வருகிறது. டிக். அவளுடைய கிளிக் தடுமாறுகிறது, மறுபடி தொடங்குகிறது, இடம் மாற்றிப் பார்க்கிறது, நின்றுவிடுகிறது. ஒரு மாதமாக நாங்கள் மீன் இருக்கும் இடத்துக்கெல்லாம் அவளுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறோம், இதைப் போட்டுக்கொண்டு.

நான் வடிகட்டியதை ஹெல்கா கேட்டார், நான் கேட்டேன். ஸ்டெல்லாவிடம் வடிகட்டி இல்லை.

ஹெல்காவும் அக்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மடிக்கணினியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, வடிகட்டி இல்லாமல் ஓடவிட்டேன். "இது நம்ம படகு," என்றேன். "என்னுடைய கருவி."

ஹெல்கா முள்கரண்டியைக் கீழே வைத்தார். முழுப் பதிவையும் கேட்டார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தச் சுத்தமான சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது," என்றார். "ஒரு தடவைகூட வடிகட்டியை எடுத்துவிட்டுக் கேட்கத் தோன்றவில்லை."

வெளிச்சம் இருக்கும்போதே படகுக்குப் போய்க் குழாயைக் கழற்றினேன். போல்ட்டு இறுகிக் கிடந்தது. அக்கா ஸ்பேனரோடு வந்து மறுபக்கம் பிடித்தார்.

"ஸாரிக்கா. நாய் விஷயத்துல."

"என்னட்டை என்னத்துக்கு? அங்கை படுத்திருக்கிறார், அவரிட்டைச் சொல்லும்."

சொன்னேன். ரோல்ஸ் என் முகத்தை முழுசாக நக்கியது. அதன் வாய் என்ன நாற்றம் நாறும் என்று விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கம்பெனிக்கு ஒலிப்பதிவோடு எழுதியிருந்தேன். பதில்: கசிவு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது, சோதனையைத் தொடரவும், நிறுத்தினால் ஒப்பந்தம் முடிந்ததாகக் கருதப்படும். அனுமதித்தது யார்? ஸ்டெல்லாவா? இதையே கேட்டு இரண்டு வரி பதில் போட்டேன். ஹெல்கா 'மரியாதைக்குரிய' என்ற சொல்லை முன்னால் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

நவம்பரில் ஊர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஜீன்ஸ் காய்ந்துவிட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

கருவியை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. மீனே குறைவு. இன்று ஸ்டெல்லா ஐந்தாறு முறை துரத்தி ஒன்றைத்தான் பிடித்தாள். அதிலும் பாதி தடிமாட்டுக்கு.

ஆனால் துரத்துகிறாள். காலையில் ஒருமுறை ரீங்காரம் உச்சத்துக்குப் போய் நின்றது, நறுக் வரவில்லை. தப்பிவிட்டது. உடனே மறுபடி கோலிக்குண்டு, முதலிலிருந்து. அலுப்பே இல்லை. என் நிரல் ஒருமுறை பிழை காட்டினால் நான் மேஜையை உதைப்பேன்.

இப்போது எங்களிடம் படம் இல்லை. அவள் போகும் இடத்துக்குப் பின்னால் போகிறோம், இஞ்சினை அணைத்துவிட்டுத் தொலைவில் கிடக்கிறோம். ஹெல்கா பாறைப் பெயர்களையும் நீரோட்டத்தையும் வைத்து ஏதோ கிறுக்குகிறார். அவள் எங்கே தின்கிறாளோ அங்கே மீன் இருக்கிறது. இதைவிட நல்ல கருவி வரும்வரை இதுதான் படம்.

செப்டம்பர் 27, சனி

ரோல்ஸ் படகையே கவிழ்ப்பது போல முனையில் குதித்தது. அள்ளினேன். ஸ்டெல்லாவுடையதுதான் என்று ஆய்வுக்கூடம் சொல்லப் பல நாள் ஆகும், ஆனால் அவள் போன தடத்திலேயே இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக இதை அள்ளுவேன் என்று கல்லூரியில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அக்கா டீயில் சீனி போட்டார். மூன்று கரண்டி. குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

முடிவு வந்தது. ஸ்டெல்லாவுடையது. கருத்தரிப்பு ஹார்மோன் உயர்ந்தே இருக்கிறது. பட்டினி ஹார்மோன் ஆகஸ்டில் அள்ளியதைவிட இதில் அதிகம். இன்னும் கலையவில்லை, ஆனால் பசியோடு இருக்கிறாள். அவ்வளவுதான் தெரியும்.

ஆகஸ்டில் அவள் தின்னாமல் போன மீன்கள் என் படத்தில் தடித்த கோடாக இன்னும் இருக்கின்றன. அந்தப் படங்களை அழிக்கவில்லை. கசிவுக்கு ஆதாரம் வேண்டும், ஹெல்காவும் நானும் அதைக் கட்டுரையாக எழுதுகிறோம். அந்தக் கம்பெனிப் பெட்டியைப் போலப் பல பெட்டிகள் பல கடலில் ஓடுகின்றன.

அக்டோபர் 8, புதன்

ஐந்து நாளாக அவற்றைக் காணவில்லை. மழை. கூரையிலிருந்து என் படுக்கையில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். ஹெல்கா விறகு பிளக்கிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

பனிமூட்டம். படகின் முனையில் நிற்கும் நாயே மங்கலாகத் தெரிந்தது. திரும்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். யூஜினி அக்கா இஞ்சினை அணைத்துவிட்டு, "கொஞ்சம் பொறும். உமக்கு எப்பவும் அந்தரம்," என்றார்.

மைக்கை இறக்கினேன். குடும்பம் முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. கூப்பிடும் சத்தங்கள், கதவுக் கீல், விசில், குழந்தை பலூனைத் தேய்ப்பது மாதிரி. இதுவரை கேட்டதிலேயே அதிகக் கூச்சல். ஹெல்கா ஒரு பக்க ஹெட்போனை வாங்கிக் காதில் அழுத்திக்கொண்டார்.

பனி விலகியபோது அவை கிட்டத்திலேயே இருந்தன. நடுவில் ஸ்டெல்லா. அவள் விலாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலை, தண்ணீருக்கு வெளியே வெடுக்கென்று வந்து மூச்சு வாங்கி விழுந்தது. வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் செம்மஞ்சள். உடம்பில் மடிப்பு மடிப்பாகக் கோடு, பெட்டியில் மடித்து வைத்த சட்டையை அப்போதுதான் பிரித்த மாதிரி. துடுப்பு இன்னும் ஒரு பக்கம் துவண்டிருந்தது.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, "எடி ஸ்டெல்லா," என்றார். "பெத்துப்போட்டியடி."

நான் முகத்தைத் துடைத்தேன். பனி ஈரம்.

முதல் வருடத்தைத் தாண்டுபவை பாதிதான் என்றார் ஹெல்கா. அதனால் பிறந்ததும் நீளம் எடுப்பது அவசியம். பிறந்த முதல் நாளின் அளவு எவரிடமும் இல்லை. "ட்ரோனை எடு."

எடுத்தேன். பேட்டரி முழுசாக இருந்தது. நீரோட்டம் எங்களை விலக்கிக்கொண்டிருந்தது. அளவு சரியாக வர வேண்டுமென்றால் இஞ்சினைப் போட்டுக் கிட்டப் போய் நிலையாக நிற்க வேண்டும். அக்கா சாவியில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போது குட்டியை விட்டு ஸ்டெல்லா உள்ளே போனாள். பெற்று ஒரு நாள்கூட ஆகியிருக்காது. குட்டி தனியாகத் தத்தளித்தது. ரூபன் வந்து அதன் பக்கத்தில் மரக்கட்டை மாதிரிக் கிடந்தான். துடுப்பைக்கூட அசைக்கவில்லை. குட்டி அவன் மேல் முட்டி, வழுக்கி, மறுபடி முட்டியது. கிடந்தான். அவனைத் தடிமாடு என்று இனி எழுத மாட்டேன்.

ஹெட்போனில் கோலிக்குண்டுகள் விழ ஆரம்பித்தன.

"வேண்டாம்க்கா," என்றேன். "சாவிய விடுங்க. அவ வேட்டையில இருக்கா."

ஹெல்கா கையை நீட்டி ட்ரோனை என்னிடமிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

ஓட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. குட்டியின் தலை ஆரஞ்சுப் பழம் அளவு, பிறகு மிளகு அளவு. கிளிக் நெருங்கியது, ரீங்காரமானது, நின்றது. நாங்கள் மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்ததால் படகு சரிந்து கிடந்தது.

நறுக்.

கொஞ்சம் கழித்து, மெல்ல, இன்னொரு நறுக். இந்தத் தடவை பங்கு யாருக்குப் போனது என்று அவ்வளவு தொலைவிலிருந்து தெரியவில்லை.

கரைக்கு வந்து பதிவேட்டை நிரப்பினேன். பிறப்பு: ஒன்று. தாய்: எஸ்-7. தாய் உணவு உண்டது: ஆம். குட்டியின் நீளம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். ஹெல்கா வரி விடாமல் படித்தார், கையெழுத்துப் போட்டார்.